சர்வே எண் இல்லாத விளம்பரம்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து என் தங்கையின் கணவர் கட்டிலில் சாய்ந்தபடி போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். ரீல்ஸ் நடுவே ஒரு விளம்பரம் வந்தது. ட்ரோனில் எடுத்த காட்சி. செம்மண் தரை, வெள்ளை அடித்த எல்லைக் கற்கள், இருபுறமும் கன்று நட்ட தார்ச்சாலை. "ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து 5 நிமிடம், கிளாம்பாக்கத்திலிருந்து 25 நிமிடம், மனை 9.99 லட்சம் முதல், இன்னும் 7 மனைகள் மட்டுமே" என்று ஒரு குரல் சொல்லி முடித்தது. கீழே 'மேலும் அறிய' என்ற பொத்தான். அதைத் தொட்டார். பெயரும் போன் நம்பரும் ஏற்கெனவே நிரம்பிய ஒரு படிவம் திறந்தது. ஓர் எழுத்துகூட அடிக்காமல் 'சமர்ப்பி' என்பதைத் தட்டினார். தங்கை போட்டுவைத்த டீ ஆறுவதற்குள் போன் அடித்தது.

"சார், நாளைக்கே வண்டி அனுப்புறோம், ஃபேமிலியோட வாங்க, மதிய சாப்பாடு எங்களோடது."

போனை வைத்ததும் என்னைப் பார்த்தார். "மச்சான், ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரலாமா?"

"போகலாம் மாப்ளே. போறதுக்கு முன்னாடி சர்வே நம்பர் மட்டும் கேட்டு வாங்குங்க" என்றேன்.

சர்வே எண் என்பது அரசு நில அளவையில் ஒரு நிலத்துக்குக் கொடுத்திருக்கும் எண். நான் அதைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சில வருடங்கள் மனை விற்பவர்களுக்கு இணைய விளம்பரம் செய்துகொடுக்கும் வேலையில் இருந்தேன். அந்த விளம்பரத்தில் என்ன இருக்கும், என்ன இருக்காது, ஏன் இருக்காது என்பதை உள்ளே இருந்து பார்த்தவன். மனை வாங்குபவரும் சரி, நேர்மையாகத் தொழில் செய்ய நினைக்கும் தரகரும் சரி, இந்த விளம்பரம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இரண்டு பேருக்கும் நல்லது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

விளம்பரம் விற்பது எதை?

முதலில் ஒன்று. அந்த ரீல் மனையை விற்பதற்காக எடுக்கப்பட்டதில்லை. உங்கள் போன் நம்பரை வாங்குவதற்காக எடுக்கப்பட்டது. தொழிலில் இதற்கு 'லீட்' என்று பெயர். ஒரு பெயர், ஒரு நம்பர், முடிந்தால் ஒரு பட்ஜெட். நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கும் புரோமோட்டர் ஒரு ஏஜென்சியிடம் மாதத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறார். ஏஜென்சி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுளில் விளம்பரம் ஓட்டி லீட் எடுத்துத் தருகிறது. அந்த நம்பர்கள் டெலிகாலர் கைக்குப் போகின்றன. டெலிகாலரின் வேலை மனையை விற்பது இல்லை. உங்களை சைட் விசிட்டுக்கு வண்டி ஏற்றுவது. சைட்டில் நிற்பவரின் வேலை டோக்கன், அதாவது மனையைப் பிடித்துவைக்கும் சின்ன முன்பணம், வாங்குவது. ஒவ்வொருவருக்கும் ஒரு படி மட்டும்தான் பொறுப்பு.

கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு லீட்டுக்கு 150 ரூபாய் செலவாகிறது. 400 லீட் எடுக்க 60,000 ரூபாய். அதில் போன் எடுத்துப் பேசுபவர் 200 பேர், சைட்டுக்கு வருபவர் 20 பேர், வாங்குபவர் 2 பேர் என்றால் ஒரு விற்பனைக்கு விளம்பரச் செலவு 30,000 ரூபாய். லட்சக்கணக்கில் போகும் மனைக்கு இது கட்டுப்படியாகும் செலவுதான். ஆனால் மாதக் கடைசியில் புரோமோட்டர் ஏஜென்சியிடம் கேட்பது பெரும்பாலும் அந்த 2 பேரைப் பற்றி இல்லை. "இந்த மாசம் எத்தனை லீட், ஒரு லீட் என்ன விலை?" என்றுதான் கேட்பார்.

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் தடம் மாறுகிறது. விளம்பரத்தில் ஊர்ப் பெயர், முழு விலை, சர்வே எண் எல்லாவற்றையும் போட்டால், நமக்கு ஒத்துவராது என்று தெரிந்தவர் படிவத்தைத் தொடமாட்டார். லீட் குறையும், ஒரு லீட்டின் விலை ஏறும், அடுத்த மாத ஒப்பந்தம் ஆட்டம் காணும். அதனால் ஊர்ப் பெயருக்குப் பதில் 'கிளாம்பாக்கத்திலிருந்து 25 நிமிடம்' வருகிறது. விலைக்குப் பதில் 'முதல்' என்ற சொல் வருகிறது. தகவலை மறைப்பது தனி ஒருவரின் கெட்ட புத்தியால் நடப்பதைவிட, அளக்கும் அளவுகோலால் நடப்பதுதான் அதிகம்.

ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் லீட் படிவத்திலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. விளம்பரம் போடுபவருக்கு அது இரண்டு வழிகள் காட்டும். ஒன்று அதிக எண்ணிக்கைக்கானது, தட்டியதும் போய்விடும். இன்னொன்று உண்மையிலேயே வாங்க நினைப்பவருக்கானது. அனுப்பும் முன் விவரத்தைச் சரிபார்த்து உறுதி செய்யச் சொல்லும். இரண்டாவதில் லீட் குறைவாக வரும், ஆனால் வருபவர் யோசித்து வருபவர். நான் வேலை பார்த்த காலத்தில் இரண்டாவதைக் கேட்ட வாடிக்கையாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ரீல்ஸ் மட்டும் என்றில்லை. 99ஏக்கர்ஸ் 2005-லும் மேஜிக்பிரிக்ஸ் 2006-லும் தொடங்கியதிலிருந்து வீடு தேடுவது பெருமளவு இணையத்துக்கு வந்துவிட்டது. அங்கே ஒரே மனையை நாலைந்து தரகர்கள் நாலைந்து விலையில் போட்டிருப்பார்கள். ஒருவரிடம் விசாரித்தால் பல பேரிடமிருந்து போன் வரும். கூகுளில் ஒரு புராஜெக்ட்டின் பெயரைத் தேடினால் மேலே வரும் முதல் முடிவு, அந்தப் பெயருக்குப் பணம் கட்டிய தரகரின் பக்கமாக இருக்கலாம். பார்க்க பில்டரின் சொந்தத் தளம் போலவே இருக்கும். அதே படங்கள், அதே லோகோ. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'மார்க்கெட்டிங் பார்ட்னர்' என்று இருக்கிறதா பாருங்கள். தரகர் மூலம் வாங்குவதில் தப்பே இல்லை. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

2016-க்கு முன், 2016-க்குப் பின்

இந்தப் பழக்கம் போனோடு வந்ததில்லை. சுவர் விளம்பரம், பஸ் நிறுத்தத்தில் நோட்டீஸ், அப்புறம் டிவி. சீரியல் முகங்கள் காலி மனையில் நின்று 'இன்று புக் செய்தால் தங்க நாணயம்' என்று சொன்ன காலம் பலருக்கு நினைவிருக்கும். வேனில் ஏற்றிப் போய், பிரியாணி போட்டு, பஞ்சாயத்து அப்ரூவ்ட் என்று சொல்லி விற்ற மனைகள் ஏராளம். மனைப்பிரிவுக்கு, அதாவது லே-அவுட்டுக்கு, அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது என்பது, வாங்கிய பலருக்குக் கட்டட அனுமதிக்குப் போனபோதுதான் தெரியவந்தது.

2016-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதே ஆண்டு ஜூனில் தன் விதிகளை வெளியிட்டது. இன்னொன்று, 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. பிறகு அது தளர்த்தப்பட்டு, 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பதிவான மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. அந்த நாட்களில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பத்திரம் போட முடியாமல் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்ற குடும்பங்களை நேரில் பார்த்திருக்கிறேன். அதன்பிறகுதான் விளம்பரங்களில் 'டிடிசிபி அப்ரூவ்ட்', 'ரெரா அப்ரூவ்ட்' என்ற சொற்கள் பெரிய எழுத்தில் வரத் தொடங்கின.

இதில் 'ரெரா அப்ரூவ்ட்' என்பது சரியான சொல் இல்லை. லே-அவுட்டுக்கு அனுமதி தருவது டிடிசிபி என்ற நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது சிஎம்டிஏ என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். ரெரா செய்வது பதிவு. விலை நியாயமா, இடம் நல்லதா என்பதற்கு அது சான்று தருவதில்லை. ஆனாலும் அந்தப் பதிவு பெரிய விஷயம். 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது 8 வீடுகளுக்கு மேல் உள்ள திட்டத்தைப் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது, முன்பதிவு வாங்கக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது. அதாவது 'ப்ரீ லாஞ்ச் ஆஃபர்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் ரெரா எண் இல்லையென்றால், அந்தப் படமே சட்டத்துக்கு எதிரானது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. எந்த ஊடகம் என்ற வேறுபாடு இல்லாததால் ரீலுக்கும் வாட்ஸ்அப் படத்துக்கும் அதே விதிதான். இப்படிப் பதிவான திட்டத்தை விற்றுத்தரும் தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், அது சொத்து விலையில் 5 சதவீதம் வரை போகலாம்.

வாங்குபவருக்கு ரொம்பப் பயன்படும் பிரிவு 12-ஆவது. விளம்பரத்தில் சொன்ன தகவலை நம்பி முன்பணம் கொடுத்து, அந்தத் தகவல் பொய்யென்று தெரிந்து நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். வேண்டாம் என்று விலகினால் முழுப் பணத்தையும் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். இதற்குச் சான்று வேண்டுமே? ரீல் நாளைக்கு இருக்காது. அதனால் போன் பேசுவதற்கு முன்பே விளம்பரத்தைத் திரையில் பதிவு செய்து வையுங்கள். டெலிகாலர் அனுப்பும் பிடிஎஃப், விலைப்பட்டியல், 'பார்க் வரும், வாட்டர் டேங்க் வரும்' என்ற குரல் செய்தி, எதையும் அழிக்காதீர்கள். இரண்டு நிமிட வேலை.

ஒரே எண், ஐந்து கதவுகள்

இனி மாப்பிள்ளை கதைக்கு வருகிறேன். சர்வே எண் கேட்டதும் டெலிகாலர், "அது சைட்ல வந்து பாத்துக்கலாம் சார்" என்றார். இரண்டாம் முறை கேட்டபோது, "மேனேஜர் அனுப்புவார்". மூன்றாம் முறை, "வண்டி அனுப்ப வேண்டாம், நம்பர் வந்தா நாங்களே வர்றோம்" என்று மாப்பிள்ளை சொன்ன பிறகு, சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு லே-அவுட் வரைபடம் வந்தது. ஓரத்தில் டிடிசிபி எண், ரெரா எண், கீழே நான்கு சர்வே எண்கள்.

சர்வே எண் ஒன்று கையில் இருந்தால், வீட்டில் உட்கார்ந்தபடியே திறக்கக்கூடிய கதவுகள் பல. தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். அதே இடத்தில் புலப்படம் கிடைக்கும். எஃப்எம்பி என்று சொல்வது இதைத்தான். பக்கங்களின் நீளம், பக்கத்துப் புல எண்கள், நடுவே வாய்க்காலோ வண்டிப்பாதையோ போனால் அதுவும் அதில் இருக்கும். அ-பதிவேட்டில் அது நன்செய்யா, புன்செய்யா, புறம்போக்கா என்று தெரியும். பதிவுத்துறைத் தளத்தில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பும், அந்த நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்ற வில்லங்க விவரமும் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான வில்லங்கத்தை இணையத்திலேயே கட்டணமில்லாமல் பார்க்க முடியும். தமிழ்நாடு ரெரா தளத்தில் பதிவு எண்ணைத் தேடினால் அனுமதி பெற்ற வரைபடம், நிலத்தின் சர்வே எண்கள், புரோமோட்டர் விவரம் எல்லாம் கிடைக்கும்.

நாங்கள் ராத்திரி எட்டரை மணிக்கு உட்கார்ந்தோம். ரெரா எண் சரியாகத்தான் இருந்தது. அனுமதி பெற்ற வரைபடத்தைத் திறந்து, டெலிகாலர் அனுப்பிய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முன்பக்க மனைகள் அப்படியே ஒத்துப்போயின. 'இன்னும் 7 மனைகள்' என்று சொன்ன அந்த ஏழும் பின்வரிசையில் இருந்தன. அந்த வரிசை அனுமதி வரைபடத்தில் இல்லவே இல்லை. அனுமதியில் இருந்தது மூன்று சர்வே எண்கள். எங்களுக்கு வந்த படத்தில் நான்கு. நான்காவது எண்ணை அ-பதிவேட்டில் தேடினால் நன்செய், அதாவது பாசன வயல், என்று வந்தது. முதல் கட்டத்துக்கு வாங்கிய அனுமதி எண்ணைக் காட்டி, அனுமதிக்கு இன்னும் போகாத இரண்டாம் கட்டத்தையும் சேர்த்து விற்கிறார்கள். எண் உண்மை, வரைபடம் பாதி உண்மை, மனை மட்டும் வேறு. 'ரெரா நம்பர் இருக்கா?' என்று கேட்பதோடு நின்றிருந்தால் இது தெரிந்திருக்காது. எண்ணைப் பார்த்தால் போதாது, உங்கள் மனை எண் அந்த வரைபடத்துக்குள் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை போன் செய்து, நான்காவது சர்வே எண்ணைப் பற்றிக் கேட்டார். அப்புறம் அவர்களிடமிருந்து அழைப்பு வரவில்லை.

இணையத்தில் தெரியாதவையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். பதிவு செய்யாத உயில், வாரிசுகளுக்குள் இருக்கும் தகராறு, நீதிமன்ற வழக்கு இவையெல்லாம் அதில் தெரியாமல் போகலாம். இன்னொருவர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை வைத்து மட்டும் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மூலப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும்; புரோமோட்டர் தரும் லீகல் ஒப்பீனியன் போதாது, உங்களுக்காகப் படிப்பவர் வேண்டும். 'பேங்க் லோன் கிடைக்கும்' என்ற வரி ஒரு நல்ல அறிகுறிதான், ஆனால் எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த மனைக்குக் கொடுத்தது என்று கேட்டு அந்தக் கிளையில் விசாரித்தால்தான் அதற்கு மதிப்பு.

நிமிடம், விலை, அவசரம்

'5 நிமிடம்' என்பது எந்த நேரத்து 5 நிமிடம்? கூகுள் மேப்பில் புறப்படும் நேரத்தைத் திங்கட்கிழமை காலை எட்டரை என்று வைத்துப் பார்க்கலாம். 'சென்னை' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கி 2022-ல் அரசாணை வந்தது. அதனால் 'சென்னைப் பெருநகரத்துக்குள்' என்பது உண்மையாகவே இருந்தாலும், வேலைக்குப் போய்வர இரண்டு மணி நேரம் ஆகலாம். 2022-ல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்த பிறகு அந்தப் பக்கத்து மனைகள் எல்லாமே 'ஏர்போர்ட் அருகில்' ஆகிவிட்டன. வரப்போகும் ஒன்றுக்கு இன்றே விலை கொடுக்கிறோமா என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

விலையில் கவனிக்க வேண்டியது 'முதல்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது. சதுர அடி 1,500 ரூபாய், மனை 1,200 சதுர அடி என்றால் 18 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதாவது 1,62,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகமாக இருந்தால் அதன்மேல் கணக்கிடுவார்கள். அப்புறம் கார்னர் மனைக்குத் தனி, டாகுமென்டேஷனுக்குத் தனி, டெவலப்மென்ட் சார்ஜ் தனி என்று ஏறும். 'கையெழுத்துப் போடும் நாள் வரைக்கும் மொத்தம் எவ்வளவு?' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. 2025 ஏப்ரல் முதல் உள்ள சலுகை இது. இதை விளம்பரங்களில் அதிகம் பார்த்ததில்லை.

அவசரப்படுத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏமாந்தவர்கள் கதைகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். 'இன்றே கடைசி', 'நாளை விலை ஏறுகிறது', 'உங்களுக்கு முன்னால் ஒருவர் டோக்கன் போட நிற்கிறார்'. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, ஒரு விலையைக் காட்டி இழுத்து இன்னொன்றை விற்பது, கட்டணங்களைத் துளித்துளியாகச் சேர்ப்பது இவற்றையெல்லாம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்திருக்கிறது. மொத்தம் 13 வகைகளை அது பட்டியலிட்டது. மனைக்கு மட்டும் இல்லை, பஸ் டிக்கெட் முதல் பிரிட்ஜ் வரை இணையத்தில் எதை வாங்கினாலும் இதுதான் விதி.

மெட்டாவின் 'ஆட் லைப்ரரி' பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரைப் போட்டால், அது இப்போது ஓட்டும் எல்லா விளம்பரமும், ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதும் தெரியும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கணக்குகூடத் தேவையில்லை. 'இந்த வாரத்தோடு முடிகிறது' என்ற விளம்பரம் நாலு மாதமாக ஓடுவதை அங்கே பார்த்தால் மனதிலிருக்கும் படபடப்பு தானாக அடங்கும். இதை என் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை பார்த்த அந்த விளம்பரம் ஆறு வாரத்துக்கு முன்பு தொடங்கியது. ஆறு வாரமாக அதே 7 மனைகள்.

யூடியூபில் மனையைச் சுற்றிக் காட்டுபவர்களில் நல்ல உழைப்பாளிகள் இருக்கிறார்கள். ஆனால் காசு வாங்கியோ கமிஷனுக்கோ எடுத்த வீடியோ என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது 2023 ஜனவரியிலேயே வந்த விதி. சொல்லாதவர் வீடியோவில் தூரத்தையும் விலையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பாராட்டை விட்டுவிடுங்கள்.

டோக்கன் விஷயத்தில் கறாராக இருங்கள். சைட்டில் நிற்கும்போது 'ஐயாயிரம் ஜிபே பண்ணுங்க, மனையை பிளாக் பண்ணி வைக்கிறேன்' என்பார்கள். தொகை சின்னது, ஆனால் கொடுத்த பிறகு மனம் அந்த மனையைத் தன்னுடையதாக நினைக்கத் தொடங்கிவிடும். அப்புறம் குறை கண்ணில் படாது. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தனிநபர் நம்பருக்கு வேண்டாம், நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். மனை எண், சர்வே எண், வேண்டாமென்றால் எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதை எழுதி ரசீது வாங்குங்கள். ரெரா பதிவுள்ள திட்டத்தில், எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. சொத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் அனுமதிப்பதில்லை.

வாடகை வீட்டு விளம்பரங்களில் வேறு மாதிரி ஏமாற்று நடக்கிறது. நல்ல ஏரியாவில் குறைந்த வாடகை, அழகான படங்கள், உரிமையாளர் வெளியூரில், வீட்டைப் பார்க்கவே முன்பணம். படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் வேறு ஊர் வீடாக வரும். உங்கள் வீட்டை நீங்கள் வாடகைக்குப் போட்டாலும், 'அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க' என்பார்கள். பணம் நமக்கு வருவதற்கு ரகசிய எண்ணான பின் (PIN) தேவையே இல்லை. தவறி அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணம் நிறுத்தப்பட வாய்ப்பு அதிகம். பொய் விளம்பரம் பற்றிய புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தரகர்களுக்கு

இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சர்வே எண்ணை விளம்பரத்திலேயே போடுங்கள். 'போட்டால் நேராக உரிமையாளரிடம் போய்விடுவார்கள்' என்ற பயம் எனக்குத் தெரியும். தனி உரிமையாளர் விற்கும் ஒற்றை மனைக்கு அந்தப் பயம் நியாயம். அங்கே எழுத்தில் ஒரு தரகு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் தீரும். ஆனால் ரெரா பதிவுள்ள லே-அவுட்டின் சர்வே எண் ஏற்கெனவே அரசு தளத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. அதை நீங்கள் மறைப்பதால் கிடைப்பது சந்தேகம் மட்டுமே.

செங்கல்பட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தரகர் இதைச் செய்துபார்த்தார். அவர் போடும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கிராமம், சர்வே எண், மொத்தச் செலவு, அவருடைய ரெரா முகவர் எண் நான்கும் இருக்கும். "போன் கால் பாதியா கொறஞ்சிடுச்சு சார். ஆனா வர்றவங்க பட்டாவ பாத்துட்டு வர்றாங்க. முன்னெல்லாம் ஒரு மனைக்கு பத்து தடவ சைட்டுக்குப் போவேன், இப்போ மூணு தடவதான்" என்றார். அவருடைய பெட்ரோல் செலவையும் கணக்கில் சேர்த்தால், அதிக லீட் எடுத்துக் கொடுத்த என் பழைய வேலையைவிட இது லாபமான மார்க்கெட்டிங்.

சின்னத் தரகருக்குப் பெரிய புரோமோட்டரைப் போல விளம்பரத்தில் பணம் கொட்ட முடியாது. ஆனால் அவரிடம் இருப்பது ஒரு வட்டத்தைப் பற்றிய முழு அறிவு. எந்தத் தெருவில் தண்ணீர் உப்பு, எந்த ஏரிக்கரைக்குப் பின்னால் மழைக்குத் தண்ணீர் நிற்கும், எந்தக் கிராமத்தில் பட்டா மாற்ற எத்தனை நாளாகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இதை எழுதினால், பேசி வீடியோ போட்டால், ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுபவருக்குப் பல வருடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். கூகுள் மேப்பில் அலுவலகத்தைச் சேர்ப்பதற்குக் கட்டணம் இல்லை. பத்திரம் முடித்த குடும்பங்களிடம் உண்மையான விமர்சனம் எழுதச் சொல்லலாம். விற்றுவிட்ட மனையின் விளம்பரத்தை அன்றே எடுத்துவிடுங்கள். அதை வைத்து நம்பர் பிடித்து 'அது போயிடுச்சு, வேற காட்டுறேன்' என்று சொல்லும் முதல் பேச்சிலேயே நம்பிக்கை போய்விடும். 'இனி அழைக்காதீங்க' என்று ஒருவர் சொன்னால் அந்த நம்பரை அழியுங்கள். அடுத்த புராஜெக்ட்டுக்கு அதை இன்னொருவருக்கு விற்காதீர்கள். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறது.

வீடியோ எடுப்பதில் ஒரு யோசனை. ட்ரோனை வைத்துவிட்டு, பக்கத்து பஸ் நிறுத்தத்திலிருந்து மனை வரை போனைக் கையில் பிடித்தபடி வெட்டாமல் நடந்து எடுங்கள். எத்தனை நிமிடம் என்று பார்ப்பவரே எண்ணிக்கொள்வார். அதே நடையை நவம்பரில், இரண்டு நாள் விடாமல் மழை பெய்த மறுநாள் காலையில் இன்னொரு முறை எடுங்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இருக்கும் ஊர் இது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் மனை பார்க்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது தண்ணீர் எங்கே நிற்கும் என்பதைத்தான். மாப்பிள்ளை இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு மனை பார்த்துவைத்திருக்கிறார். ஆவணங்கள் வழக்கறிஞரிடம் இருக்கின்றன. தரகர் அனுப்பிய மழைக்கால வீடியோவில் தெருமுனையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, மனைக்குள் இல்லை. அடுத்த மழைக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அவரிடம் சொல்லியிருக்கிறார். தரகரும் சரி என்றிருக்கிறார்.